பதினெட்டு நிறையாத பிள்ளையின் முகத்தைப் பரப்பாதீர்கள்

மாதவரம், மூலக்கடை, பொன்னியம்மன்மேடு, மஞ்சம்பாக்கம் பகுதி மக்களுக்கு, இங்கேயே குடியிருக்கும் பெற்றோரும் ஆசிரியர்களுமாகிய நாங்கள் சேர்ந்து வைக்கும் வேண்டுகோள் இது.

செல்போன் பறிப்பு, பைக் திருட்டு என்று ஒரு பையன் பிடிபட்டால் முதலில் அடி விழுகிறது. பிறகு விளக்குக் கம்பத்தில் கட்டிவைத்து வீடியோ எடுக்கிறார்கள். போலீஸ் வந்து சேர்வதற்குள் அந்த முகம் எத்தனையோ வாட்ஸ்அப் குழுக்களுக்குப் போய்விடுகிறது. பறிகொடுத்தவரின் வேதனை எங்களுக்குத் தெரியும். மாதத் தவணை கட்டி முடிக்காத போனாக இருக்கும். புகார் கொடுங்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் கை வைக்காதீர்கள், படம் பிடிக்காதீர்கள். சிறுவனின் பெயர், முகவரி, பள்ளி, படம் எதையும் வெளியிடக் கூடாது என்கிறது 2015ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம். மீறினால் ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பெற்றோருக்குச் சொல்கிறோம்: பிள்ளையைப் புழல் சிறைக்குக் கொண்டுபோய்விடுவார்கள் என்று பதறி, கண்டவர் கையில் பணத்தைக் கொடுக்காதீர்கள். பதினெட்டு வயது நிறையாதவரை லாக்கப்பிலும் வைக்கக் கூடாது, சிறையிலும் அடைக்கக் கூடாது. விலங்கு மாட்டக் கூடாது. பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் இளைஞர் நீதிக் குழுமத்தின் முன் நிறுத்தியாக வேண்டும். சென்னை மாவட்டத்துக்கான குழுமம் கெல்லீஸில் இருக்கிறது. வக்கீலுக்குக் காசில்லை என்றால் 15100 என்ற எண்ணில் அழையுங்கள். இலவசச் சட்ட உதவி கிடைக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் வயதை நிரூபிக்க வேண்டும். இங்கேதான் நம் பிள்ளைகள் பலர் சிக்கிக்கொள்கிறார்கள். லாரி ஷெட்டில் கிளீனர் வேலை கிடைக்க ‘எனக்குப் பத்தொன்பது’ என்று சொல்லிச் சேர்ந்த பையன், ஸ்டேஷனிலும் அதையே சொல்கிறான். மீசை அரும்பியிருந்தால் எழுதுகிறவரும் நம்பிவிடுகிறார். பள்ளிச் சான்றிதழ், பத்தாம் வகுப்பு மதிப்பெண் சான்றிதழ், அவை இல்லையென்றால் மாநகராட்சி தந்த பிறப்புச் சான்றிதழ் ஆகியவைதான் வயதுக்குச் சாட்சி. எதுவுமே கிடைக்காதபோதுதான் எலும்புப் பரிசோதனை. சம்பவம் நடந்த அன்று என்ன வயதோ அதுதான் கணக்கு. வீட்டில் ஒரு பிளாஸ்டிக் கவரில் இந்தக் காகிதங்களை எடுத்துவையுங்கள். தாமதமாகத் தெரியவந்தாலும் மனம் தளர வேண்டாம். வழக்கு முடிந்த பிறகுகூட எந்த நீதிமன்றத்திலும் வயதுக் கேள்வியை எழுப்பலாம்.

குழுமத்தில் ஒரு மாஜிஸ்திரேட்டும் இரண்டு சமூகப் பணியாளர்களும் அமர்வார்கள். அந்த இருவரில் ஒருவராவது பெண்ணாக இருக்க வேண்டும். பெரியவர்களுக்கு ஜாமீன் மறுக்கப்படும் பிரிவாக இருந்தாலும் சிறுவனுக்கு ஜாமீன்தான் பொது விதி. வெளியே விட்டால் குற்றவாளிகளோடு சேர்ந்துவிடுவான், அவனுக்கே ஆபத்து, நீதியின் நோக்கம் கெடும் என்று கருதினால் மட்டும் மறுக்கலாம். விசாரணை முடிந்து தவறு உறுதியானால் அறிவுரை, ஆலோசனை, சமூக சேவை, நன்னடத்தைக் கண்காணிப்பு என்று தொடங்கி, மிஞ்சிப்போனால் சிறப்பு இல்லத்தில் மூன்று ஆண்டு வரை. 16 வயது நிறைந்தவர்கள் மீதான கொடுங்குற்ற வழக்குகளுக்கு மட்டும் வேறு வழிமுறை உண்டு.

இல்லத்தில் போட்டால் திருந்திவிடுவான் என்று எளிதாகச் சொல்லாதீர்கள். 2022 டிசம்பர் கடைசியில், சிறு திருட்டு வழக்கில் பிடிபட்ட 17 வயதுச் சிறுவன் செங்கல்பட்டு அரசு இல்லத்தில் இறந்துபோனான். அடித்துக் கொன்றதாக அங்கே வேலை பார்த்தவர்களே கைதானார்கள். அதன் பிறகுதான் அரசு, ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவை இல்லங்களின் நிலையை ஆராயச் சொன்னது. இந்தியாவிலேயே முதன்முதலாக, 1920இல், குழந்தைகளுக்கென்று தனிச் சட்டம் கொண்டுவந்த மாகாணம் நம்முடையது. அந்த மண்ணில் இப்படி ஒரு சாவு நடந்ததை எங்களால் தாங்கிக்கொள்ள முடியவில்லை.

இன்னொன்றையும் பயப்படாமல் சொல்கிறோம். கஞ்சாப் பொட்டலத்தைப் பையன்கள் கையில் கொடுத்தனுப்பிவிட்டுப் பின்னால் நிற்கிறவர்கள் பெரியவர்கள். சிறுவர்களை இப்படிப் பயன்படுத்துவோருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் உண்டு. அந்தப் பெரியவர்களைப் பற்றிப் போலீசில் தகவல் கொடுங்கள். ஆபத்தில் இருக்கும் பிள்ளைக்கு 1098இல் அழையுங்கள்.

வழக்கு நடக்கும்போது நன்னடத்தை அலுவலர் தெருவுக்கு வருவார். வீட்டுக்காரர், மளிகைக் கடைக்காரர், டீச்சர் என்று எல்லோரிடமும் விசாரிப்பார். ‘எனக்குத் தெரியாதுங்க’ என்று கதவைச் சாத்தாதீர்கள். நாம் சொல்வது அவருடைய அறிக்கையில் ஏறும், குழுமம் அதைப் படிக்கும். பையன் திரும்பி வந்தால் தலைமையாசிரியர்கள் டி.சி.யை நீட்டாமல் வகுப்பில் உட்காரவையுங்கள். வீட்டு உரிமையாளர்கள் அந்தக் குடும்பத்தைக் காலி செய்யச் சொல்லாதீர்கள். மெக்கானிக் ஷெட், லேத் பட்டறை வைத்திருப்பவர்கள் படிப்பை விட்ட பெரிய பையன்களுக்கு, வயதுக்குத் தகுந்த, சட்டம் அனுமதிக்கும் தொழிலைக் கற்றுக்கொடுக்க முன்வாருங்கள். உங்கள் போனில் இப்போதும் அப்படி ஒரு வீடியோ இருந்தால், யாருக்கும் அனுப்பாமல் அழித்துவிடுங்கள்.