தோமாவும் வியாபாரிகளும்

பரங்கிமலையும் சாந்தோமும் இருப்பதால் தோமாவை நம்ம ஊர் ஆள் மாதிரியே எல்லோருக்கும் தெரியும். அவர் பெயரில் ஒரு சுவிசேஷம் இருப்பது அவ்வளவாகத் தெரியாது. 1945-ல் எகிப்தின் நாக் ஹம்மாடி அருகே ஜாடிக்குள் கிடைத்த காப்டிக் ஏடுகளில் அதுவும் ஒன்று. பைபிளில் சேராதது. கதை கிடையாது, சிலுவை கிடையாது, 114 மொழிகள் மட்டும். பாதி விடுகதை! (தோமாவே எழுதியது என்று ஆய்வாளர்கள் சொல்வதில்லை, அது வேறு விஷயம்.)

அதில் 64-வது மொழியின் முடிவு பலரைத் திடுக்கிட வைக்கும். வாங்கி விற்கிறவர்களுக்குத் தந்தையின் இடத்தில் நுழைவு இல்லையாம். அப்படியானால் திண்டிவனம் கமிட்டியில் வல்லத்து மல்லாட்டையை ஏலம் எடுக்கிறவருக்குக் கதவு மூடியதுதானா?

அவசரப்பட வேண்டாம். பன்னிரண்டு மொழி தள்ளி 76-ல், சரக்கையெல்லாம் விற்று ஒரே ஒரு முத்தை வாங்கிய வியாபாரிக்கு புத்திசாலி என்று பாராட்டு கிடைக்கிறது.

ஒரே நூலில் இரண்டுமா? 64-ஐ முதலிலிருந்து படித்தால் புரியும். அது ஒரு விருந்துக் கதை. அழைக்கப்பட்ட ஒருவருக்கு வியாபாரிகளிடமிருந்து சாயங்காலம் பாக்கி வரவேண்டும். இன்னொருவர் வீடு வாங்கியிருக்கிறார். மற்றொருவர் நண்பனின் கல்யாணத்துக்குச் சாப்பாடு ஏற்பாடு செய்ய வேண்டும். கடைசி ஆள் குத்தகை வசூலுக்குக் கிளம்பிவிட்டார். லூக்காவிலும் இதே கதை உண்டு. அங்கே வயல், ஐந்து ஏர் மாடு, புது மனைவி என்று கிராமத்துச் சாக்குகள். இங்கே முக்கால்வாசி பணக் கணக்கு. கணக்கு நோட்டை மூடவே தெரியாதவர்கள் மேல்தான் கோபம் என்று தோன்றுகிறது. முத்து வியாபாரி அதை மூடத் தெரிந்தவர்.

அதற்காக எல்லாவற்றையும் 'உள்ளர்த்தம்' என்று வழுக்கிவிடவும் கூடாது. 95-வது மொழி, கையில் பணம் இருந்தால் வட்டிக்கு விடாமல், திரும்பி வராத ஆளிடம் கொடுக்கச் சொல்கிறது. இதில் என்ன புதிர்? தமிழ்நாட்டின் 2003-ம் ஆண்டு கந்துவட்டி தடைச் சட்டம் அதிக வட்டியை மட்டும்தான் தடுக்கிறது. இது அசலையே மறக்கச் சொல்கிறது! இதற்கும் சித்தர் பாணியில் மறைபொருள் தேடினால், அது வட்டிக்கடைக்காரருக்குத்தான் வசதி.

'தோமாவின் பணிகள்' என்று இன்னொரு பழைய நூல். அதில் அரண்மனை கட்ட ராஜா கொண்டபாரஸ் கொடுத்த பணத்தை தோமா ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு, அரண்மனை பரலோகத்தில் இருக்கிறது என்று கணக்குச் சொல்கிறார். ராஜா ஜெயிலில் போடுகிறார். அந்த நூல்படி, தோமாவை விலைக்கு வாங்கி இந்தியாவுக்குக் கூட்டி வந்தவர் யார் தெரியுமா? ஹப்பான் என்ற ஒரு வியாபாரி.