ஐம்பது ஆண்டு கழித்துத் திருந்திய கணக்கு

மலைச்சரிவிலே உறைபனி மூடிய சறுக்குமேடை. கால்களில் நீண்ட பலகைகளைப் பூட்டிய வீரன் அதில் வழுக்கி வந்து, விளிம்பைக் கடந்ததும் பறவைபோல அந்தரத்திற் செல்கிறான். பனிச்சறுக்குப் பாய்ச்சல் என்னும் இவ்விளையாட்டிலே தூரம் மட்டும் வெற்றியைத் தீர்மானிப்பதில்லை. பாய்ந்த எழிலுக்கும் தரையைத் தொட்ட செம்மைக்கும் நடுவர்கள் புள்ளி வழங்குவர். இரண்டையும் சேர்த்தே முடிவு காண்பர்.

1924 ஆம் ஆண்டு பெப்ரவரி 4 ஆந் திகதி, பிரான்சு தேசத்துச் சாமொனி நகரிலே இப்போட்டி நடைபெற்றது. முதலாவது குளிர்கால ஒலிம்பிக் எனப் பின்னாளிற் பெயர் பெற்ற விழா அது. நோர்வே வீரர் தாம்ஸ் முதலிடமும், அந்நாட்டவரே ஆகிய பொன்னா இரண்டாமிடமும் பெற்றனர். மூன்றாமிடத்து வெண்கலப் பதக்கம், 18.000 புள்ளிகள் எடுத்தாரென்று, ஹௌக் என்பாருக்கு அளிக்கப்பட்டது. அவரும் நோர்வே நாட்டவர். அவ்விழாவிலேயே மூன்று தங்கப் பதக்கங்களை ஈட்டியவர். 17.916 புள்ளிகளுடன் நான்காமிடத்தில் நின்றவர் ஹௌகன். பெயர்தான் எத்துணை ஒற்றுமை! இவர் நோர்வேயிற் பிறந்து, அமெரிக்காவிற் குடியேறி, அந்நாட்டு அணிக்குத் தலைமை தாங்கி வந்தவர். அன்றைய பாய்ச்சல்களில் மிக நீண்டது, 50 மீற்றர், இவருடையதே. ஆயினும் எழிலுக்குரிய புள்ளிகள் குறைந்துவிட்டன. இருவருக்குமிடையே ஒரு புள்ளியின் பன்னிரண்டிலொரு கூறுதான் வேறுபாடு.

விடைத்தாள் திருத்துவோர் இதனை நன்கறிவர். கடைசி மாணவனின் மொத்தத்தை இருமுறை கூட்டிப் பார்ப்போம். வகுப்பில் முதல்வனாக வருபவனுடைய மொத்தத்தில் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. மூன்று தங்கம் வென்றவருக்கு ஒரு வெண்கலம் கிடைத்ததில் யார்தான் ஐயுறுவார்?

ஹௌக் 1934 இல் நியுமோனியாச் சுரத்தினால் 40 வயதிலேயே காலமானார். கணக்கிலே பிசகு நேர்ந்த செய்தி அவர் காலத்தில் வெளிவரவேயில்லை. அதே விழாவில் வெள்ளிப் பதக்கம் பெற்ற ஸ்ட்ரோம்ஸ்டாட் என்னும் நோர்வே வீரர்தாம், முதுமைக் காலத்திலே பழைய பெறுபேறுகளை ஆராய்ந்து பிழையைக் கண்டுபிடித்தார். தம் நாட்டுக்குக் கிடைத்த பதக்கமாயிற்றே என்று அவர் மறைக்கவில்லை. அந்நாட்டு வரலாற்றாசிரியர் ஒருவரும் சரிபார்த்து உறுதிசெய்தார். சரியாகக் கணித்தபோது ஹௌக்கின் புள்ளிகள் ஹௌகனுடையவற்றிலும் குறைந்திருந்தன. ஒலிம்பிக் குழுவும் திருத்தத்தை ஏற்றுக்கொண்டது.

1974 இல் நோர்வேயின் தலைநகரான ஒஸ்லோவில் ஒரு சிறு வைபவம் நடந்தது. ஹௌகனுக்கு அப்பொழுது வயது 85. பிறந்த நாட்டுக்கே வந்து அவர் பதக்கம் பெற்றார். அதனை அவரிடம் கொடுத்தவர் வேறு யாருமல்லர். ஹௌக்கின் மகளே கொடுத்தார். தந்தை வென்ற மூன்று தங்கங்களுக்கும் அதனால் ஒரு குறையும் நேரவில்லை. ஹௌகன் 1984 வரை வாழ்ந்திருந்தார்.