ஏ.சி. வாங்குமுன் ஜன்னலைப் பாருங்கள்

கோடை பிறந்தால் நம் தில்லித் தமிழ்க் குடும்பங்களில் எழும் முதல் பேச்சு, "ஒன்றரை டன் ஏ.சி. போதுமா, இரண்டு டன் வேண்டுமா?" என்பதுதான். அதற்கு முன் கேட்க வேண்டியது வேறு: கதவும் ஜன்னலும் ஒழுங்காக மூடுகின்றனவா?

சென்னையில் ஜன்னலைத் திறந்தால் மாலையில் கடற்காற்று வரும். இங்கே மே, ஜூனில் வருவது 'லூ' என்னும் அனல்காற்று. ஜனவரியிலோ எலும்பைத் துளைக்கும் குளிர். ஜன்னல் காற்றுக்குத்தான் என்ற ஊர்ப் பழக்கம் இங்கு முழுதும் பொருந்தாது.

ஒரு சிறு கணக்கு. மூன்றடி அகலக் கதவின் கீழ் அரை அங்குல இடைவெளி இருந்தால், அது 18 சதுர அங்குலம். ஆறுக்கு மூன்று அங்குலத்தில் சுவரில் ஓட்டை இருந்தால் அன்றே கொத்தனாரைக் கூப்பிடுவோம். கதவின் கீழ் இருப்பதால் பொறுத்துக்கொள்கிறோம்! அடியில் ஒரு ரப்பர் பட்டை போதும், ஏ.சி. விலையில் அது எம்மாத்திரம்?

புது ஜன்னல் போடுபவர்கள் கண்ணாடியைப் பற்றியே விசாரிக்கிறார்கள். ரயிலின் ஏ.சி. பெட்டிகளில் உள்ளதுபோல் இரட்டைக் கண்ணாடி நல்லதே. ஆனால் சட்டத்துக்கும் சுவருக்கும் இடையிலுள்ள சந்தில் வெறும் சிமெண்ட் பூசினால் நாளடைவில் விரிசல் விடும். நுரை நிரப்பி, வெளிப்புறம் சிலிக்கான் பூசச் சொல்லுங்கள். மூலைக்கு மூலை இரண்டு குறுக்களவும் ஒன்றாக உள்ளனவா என்று டேப் பிடித்துப் பாருங்கள். கோணல் சட்டத்தில் எந்தக் கதவும் பொருந்தாது.

திசையும் முக்கியம். தெற்கு ஜன்னலுக்குச் சன்ஷேடு போதும். ஜூன் நடுப்பகலில் சூரியன் ஏறக்குறைய உச்சந்தலைக்கு மேல். டிசம்பரில் தாழ்வதால் இதமான வெயில் தானே உள்ளே வரும். மேற்கு ஜன்னலில் மாலை வெயில் நேராகப் பாயும். உள்ளே திரை போடுவது, திருடன் நுழைந்த பிறகு கதவடைப்பது போல. தட்டியை வெளியே கட்டுங்கள்.

2018-இல் மத்திய அரசு வெளியிட்ட குடியிருப்புகளுக்கான எரிசக்தி விதித்தொகுப்பு 'ஈகோ நிவாஸ் சம்ஹிதா', வெப்பத்துக்கு வரம்பு வைத்ததோடு, திறக்கும் ஜன்னலுக்குக் குறைந்தபட்ச அளவையும் வைத்திருக்கிறது. மூடவும் வேண்டும், திறக்கவும் வேண்டும்.

இதை ஏன் அழுத்திச் சொல்கிறேன் என்றால், குளிர்காலத்தில் மூடிய அறையில் கரி அங்கீட்டி வைத்துத் தூங்கி உயிரிழப்பவர்கள் செய்தி தில்லியில் வராத ஆண்டு அரிது. கார்பன் மோனாக்சைடு நச்சுவாயுவுக்கு மணமில்லை, தூங்குபவருக்குத் தெரியாது. இடுக்குகளை அடைத்த அறைக்குள் நெருப்பு கூடவே கூடாது.

வரும் கோடைக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டைச் சுற்றி வாருங்கள். ஏ.சி. எத்தனை டன் என்பதைப் பிறகு முடிவு செய்யலாம்.