பட்டம் படிப்பின் எல்லையா?

பட்டம் பெறுவது வேறு. கல்வி பெறுவது வேறு. இவ்விரண்டையும் ஒன்றென எண்ணி மயங்கும் மனப்பான்மை நம் சமுதாயத்தில் வேரூன்றிவிட்டது. பல்கலைக்கழகங்களிலும் ஆசிரியர் கல்விக் கழகங்களிலும் பயிலும் நம் இளைஞர் பலரிடம், 'உன் குறிக்கோள் யாது?' என வினவினால், 'நல்ல தேர்ச்சியுடன் பட்டம் பெறுவது' என்பதே விடையாக வருகின்றது. 'அதற்குப் பின்?' என்றால், வேலை என்பர். 'அதற்கும் பின்?' என்றால், வீடு, வண்டி, திருமணம் என்று பட்டியல் நீளும். அப்பட்டியலில் ஒரு நூலின் பெயரேனும் இடம்பெறுவதில்லை. பட்டம் பெறும் நாளே புத்தகத்தை மூடும் நாள் என்றாகிவிட்ட இந்நிலையை நாம் வன்மையாகக் கண்டித்தே ஆகவேண்டும்.

வேலையும் வீடும் வேண்டா என்று நாம் கூறவில்லை. பொழுது விடியுமுன் பால்மரக் காட்டிற்குச் சென்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்று பட்டதாரிகளாவது பெருமைக்குரியதே. கல்விக் கடனைச் சுமந்து வெளியே வரும் இளைஞன் ஊதியத்தைத் தேடுவதும் இயற்கையே. ஆயினும், வயிற்றுக்கான குறிக்கோளே வாழ்க்கைக்கான குறிக்கோளாகவும் அமைந்துவிடலாகாது என்பதே நம் வாதம்.

இந்நோய் பல்கலைக்கழகத்தில் தோன்றியதன்று. பள்ளியிலேயே அதன் வித்து ஊன்றப்படுகின்றது. மாணவரை வாசிக்கத் தூண்டும் நன்னோக்குடன் 'நீலாம்' வாசிப்புத் திட்டம் கொணரப்பட்டது. ஆனால் பல இடங்களில் நடப்பது என்ன? வாசித்த நூல்களின் எண்ணிக்கை பதிவாகின்றது, வாசிப்போ நடைபெறுவதில்லை. பின்னட்டையில் உள்ள நான்கு வரிகளைப் பெயர்த்தெழுதி, ஒரே நாளில் ஐந்து நூல்களைப் 'படித்து' முடிக்கும் பிள்ளைகள் இருக்கின்றனர். 2021இல் யு.பி.எஸ்.ஆர். தேர்வும், 2022இல் பி.டி.3 தேர்வும் நீக்கப்பட்டன. அத்தேர்வுகள் விட்டுச்சென்ற இடத்தில் கதை நூல்கள் வந்து அமர்ந்திருக்க வேண்டும். மாறாக, பயிற்சி நூல்களே புதிய அட்டையுடன் வந்து அமர்ந்துகொண்டன!

இவ்வாறு வளர்ந்த மாணவன் எஸ்.பி.எம். இலக்கியப் பாடத்தை எடுக்கின்றான். நாவலைப் படியாமல், நாவலின் சுருக்கத்தைப் படித்துச் சிறப்புத் தேர்ச்சியும் பெறுகின்றான். உயர்கல்விக்கூடத்தில் விரிவுரைக் குறிப்புகளே அவனுக்கு வேதமாகின்றன. இடுபணிக்கு வேண்டிய பத்தியை மட்டும் தேடி எடுத்துவிட்டு நூலை மூடிவிடுகின்றான். பிறகு ஆசிரியனாக வகுப்பறையில் வந்து நிற்கின்றான். பாடநூலுக்கு வெளியே ஒரு கதை சொல்லுங்கள் என்று முதலாம் ஆண்டுக் குழந்தை கேட்டால், அவன் எதைச் சொல்வான்? வாசியாத ஆசிரியன் வாசிக்கும் மாணவனை எங்ஙனம் உருவாக்குவான்? வறண்ட கிணற்றில் வாளியை விட்டு என்ன பயன்?

இந்நாட்டு உயர்கல்வியில் தமிழ் எளிதில் இடம்பெற்றுவிடவில்லை. மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய ஆய்வியல் துறை 1956இல் தோன்றியது. அதில் தமிழே முதன்மை பெற வேண்டும் என்று வாதாடியவர் 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி. வாதாடியதோடு அவர் நிற்கவில்லை. 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதியைத் திரட்டிப் பல்கலைக்கழக நூலகத்துக்குத் தமிழ் நூல்கள் வாங்க வழி வகுத்தார். எளிய மக்கள் பலர் தம்மால் இயன்றதை மனமுவந்து அளித்தனர். அத்துறையின் தலைவராக விளங்கிய தனிநாயக அடிகளாரின் முயற்சியால், 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே கூடியது. தாம் படிக்க இயலாவிடினும் தம் பிள்ளைகள் படிக்கட்டும் என்று அம்மக்கள் ஈந்த காசில் வாங்கிய நூல்களைப் புரட்டிப் பாராமலே பட்டம் பெற்றுச் செல்வது நன்றி மறந்த செயலன்றோ?

இதற்குச் சொல்லப்படும் மறுமொழிகள் நாம் அறியாதன அல்ல. 'நேரமில்லை' என்பது முதலாவது. நாளொன்றுக்குப் பத்துப் பக்கம் படிக்க அரைமணி நேரம் போதும். ஓராண்டில் அது 3,650 பக்கம். 200 பக்க நூல்கள் 18. நான்காண்டுப் பட்டப்படிப்பு முடியும்போது 73 நூல்கள்! கைப்பேசியில் நாள்தோறும் கரைந்துபோகும் மணிகளைக் கணக்கிட்டவன் நேரமில்லை என்று வாய் திறவான். 'நூல் கிடைப்பதில்லை, விலையும் மிகுதி' என்பது இரண்டாவது. 1998ஆம் ஆண்டு முதல் மதுரைத் திட்டத்தார் தமிழ் நூல்களைக் கணினி வழியே இலவசமாக வழங்கி வருகின்றனர். அவற்றை அதே கைப்பேசியில் படிக்கலாம். 'ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது' என்பது மூன்றாவது. அப்பழமொழி குறிப்பேட்டை மனனம் செய்வோரைச் சாடுவதேயன்றி, நூலை ஆழ்ந்து கற்போரைச் சாடுவதன்று.

எனவே, மாணவச் செல்வங்களே, பட்டமளிப்பு விழாவுக்கு முன்னரே மூன்று உறுதிகளை மேற்கொள்ளுங்கள். பாடத்திட்டத்திலுள்ள இலக்கிய நூல்களைச் சுருக்கத்தில் அன்றி முழுமையாகப் படிப்பேன் என்பது முதல் உறுதி. நாளொன்றுக்குப் பத்துப் பக்கமேனும் படியாமல் உறங்கேன் என்பது இரண்டாவது. இந்நாட்டுத் தமிழ் எழுத்தாளர்களைக் கற்றறிவேன் என்பது மூன்றாவது. 1942, 1943ஆம் ஆண்டுகளில் சப்பானியர் அமைத்த சயாம்–பர்மா இரயில் பாதையில் நம் தோட்டத் தொழிலாளர் ஆயிரமாயிரமாய் மடிந்தனர். அத்துயரை ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்' நாவலும், அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' நாவலும் நமக்காகப் பதிந்து வைத்துள்ளன. இவற்றைப் படியாத மலேசியத் தமிழ்ப் பட்டதாரி தன் பாட்டனின் கதையை அறியாதவனே ஆவான்.

ஆசிரியப் பெருமக்களுக்கும் ஒன்று கூறவேண்டும். மாணவன் எத்தனை நூல்களைப் பதிந்தான் என்று கேட்பதை விடுத்து, ஒரு நூலைப் பற்றி அவனோடு ஐந்து நிமிடம் உரையாடுங்கள். நூலகத்தின் சாவியை அலுவலகத்தில் மாட்டிவைக்காமல், கதவைத் திறந்து வையுங்கள். ஆசிரியர் கையில் நூலைக் காணும் பிள்ளை தானும் நூலை ஏந்தும்.

1816இல் பினாங்கில் ஒரு வகுப்பாகத் தொடங்கிய தமிழ்க்கல்வி, இன்று 500க்கு மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகளாக இந்நாட்டில் தழைத்துள்ளது. கட்டடங்களை எழுப்பப் பணம் போதும். அவற்றினுள்ளே தமிழ் வாழ வாசிக்கும் ஆசிரியர் வேண்டும். வாசிக்கும் பெற்றோர் வேண்டும். அவ்விருவரும் இன்றைய மாணவரிடையேதான் இருக்கின்றனர். பட்டமளிப்பு மேடையினின்று இறங்கும் இளைஞன் ஒரு கையில் பட்டச் சுருளை ஏந்தட்டும். மறு கையில் ஒரு நூலை ஏந்தட்டும். முன்னது அவனுக்குச் சோறு போடும். பின்னது அவனை மனிதனாக வாழ வைக்கும். அவன் இனத்தையும் வாழ வைக்கும்.