ஆட்டுப்பாலும் ஆகாது

புட்டிப்பாலுக்கு மாறிய சில நாட்களிலேயே குழந்தைக்கு வாந்தி, தோலில் தடிப்பு, மலத்தில் ரத்தம். 'பசும்பால் சேரவில்லை, ஆட்டுப்பால் கொடு' என்பார்கள் வீட்டுப் பெரியவர்கள். வம்பே அங்குதான். அலர்ஜியைக் கிளப்புவது கேசீன், பீட்டா லாக்டோகுளோபுலின் போன்ற பால் புரதங்கள். ஆடு, எருமைப் பாலிலும் இருப்பவை ஏறக்குறைய அவையே. பசும்பால் அலர்ஜியுள்ள குழந்தைகளில் 10-க்கு 9 பேருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது. காய்ச்சினாலும் கேசீன் அழியாது. (லாக்டோஸ் செரிக்காதது வேறு சமாசாரம், அது பாலிலுள்ள சர்க்கரையின் தொல்லை.)

தாய்ப்பாலை நிறுத்த வேண்டியதில்லை. தாய்ப்பால் மட்டுமே குடிக்கும் குழந்தைக்கும் தொல்லை இருந்தால், டாக்டர் யோசனைப்படி அம்மா 2 முதல் 4 வாரம் பால், தயிர், பன்னீரை விட்டுப் பார்க்கலாம். கால்சியம் மாத்திரை அவசியம். மீண்டும் சேர்க்கும்போது தொல்லை திரும்பினால்தான் அலர்ஜி உறுதி. மூச்சுத்திணறல் கண்ட குழந்தைக்கு இந்தச் சோதனை ஆஸ்பத்திரியில் மட்டுமே.

புட்டிப்பால்தான் வழி என்றால், புரதத்தை நுணுக்கி உடைத்த பால் பவுடர் உண்டு. விலைதான் மிரட்டும். 6 மாதம் தாண்டியவர்களில் பலருக்கு சோயா பவுடர் சரிப்படும். பிஸ்கெட், ரொட்டி உறைகளில் 'வே', 'கேசீன்' என்றிருந்தால் அதுவும் பால்தான். பெரும்பாலான குழந்தைகளுக்கு 5 வயதுக்குள் இந்த அலர்ஜி விலகிவிடுகிறது. 6 முதல் 12 மாதங்களுக்கு ஒருமுறை டாக்டரிடம் காட்டிப் பரிசோதிக்கலாம்.