அநாதை என்று யார் சொன்னது?

பிறந்தநாள், கல்யாண நாள், அப்பாவின் திதி, மகள் பிளஸ் டூவில் தேறியது, கட்சித் தலைவருக்கு எழுபது வயது, அபிமான நடிகரின் படம் வெளியாவது. எதுவானாலும் நகரவாசிகளான நம் கைவசம் ஒரு நல்ல காரியம் இருக்கிறது. பக்கத்திலுள்ள குழந்தைகள் இல்லத்துக்குப் போன் போட்டு ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பணம் கட்டிவிடுவோம். ‘யாருமே இல்லாத பிள்ளைங்க, பாவம். ஒரு நாளாவது நல்லா சாப்பிடட்டும்.’ இதைவிடப் பெரிய புண்ணியம் உண்டா என்று கேட்டால் இல்லை என்றுதான் ஊரே சொல்லும். நான் மறுக்கிறேன். அந்தப் பிள்ளைகளில் பெரும்பாலோருக்கு ஆள் இருக்கிறது. அந்த ஆளிடமிருந்து பிள்ளையைத் தள்ளி வைத்திருக்கத்தான் நம் தர்மம் செலவாகிறது.

சந்தேகமிருந்தால் 2020-ஐ நினைத்துப் பாருங்கள். கொரோனா ஊரடங்கின்போது, நாடு முழுவதும் இல்லங்களில் சுமார் 2,27,000 பிள்ளைகள் இருந்ததாகவும், அவர்களில் 1,45,000-க்கும் அதிகமானோர் பெற்றோரிடமோ பாதுகாவலரிடமோ திருப்பி அனுப்பப்பட்டதாகவும் மத்திய அரசு உச்ச நீதிமன்றத்தில் தெரிவித்தது. பத்தில் ஆறு பேருக்கு மேல்! யாருமற்றவர்கள் என்று நாம் கேக் வெட்டிக் கொடுத்தவர்களுக்கு, நோய் வந்ததும் திடீரென்று வீடு முளைத்துவிட்டதா? முன்பும் இருந்தது. நாம்தான் கேட்கவில்லை.

இது அதற்கு முன்பே தெரிந்த செய்திதான். மத்திய பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் நடத்திய கணக்கெடுப்பின் அறிக்கை 2018-ல் வெளியானது. நாடு முழுவதும் 9,589 இல்லங்கள், அவற்றில் பராமரிப்பு தேவைப்படும் பிள்ளைகள் ஏறத்தாழ 3,70,000 பேர். தாய் தந்தை இருவரையும் இழந்தவர்கள் 42,000-க்கும் குறைவு. தாயோ தந்தையோ ஒருவர் மட்டும் உள்ள பிள்ளைகள் சுமார் 1,20,000. இல்லங்களின் எண்ணிக்கையில் நாட்டிலேயே முதலிடம் தமிழ்நாட்டுக்கு, 1,647. எதிலெல்லாம் முதலிடம் என்று சுவரொட்டி அடிக்கும் நம்மூரில் இதை மட்டும் யாரும் ஒட்டவில்லை.

தாம்பரம் தாண்டி இருக்கும் ஓர் இல்லத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை பார்த்ததைச் சொல்கிறேன். அலுவலக அறைச் சுவரில் ஓட்டலில் மாட்டுவது போல விலைப்பட்டியல். காலை டிபன் இவ்வளவு, மதியச் சாப்பாடு இவ்வளவு, வடை பாயசத்தோடு என்றால் கொஞ்சம் கூட, சிக்கன் பிரியாணி என்றால் இன்னும் கூட. மேசையில் முன்பதிவு நோட்டு. மூன்று மாதத்துக்கு ஞாயிறுகள் எல்லாம் நிரம்பிவிட்டன, செவ்வாயும் புதனும் வெறிச்சோடிக் கிடந்தன. இந்த ஊரில் எல்லோரும் ஞாயிற்றுக்கிழமைதான் பிறக்கிறார்கள் போலிருக்கிறது. கூடத்தில் பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். இலை போட்டாயிற்று, பிரியாணி அண்டாவும் வந்தாயிற்று. ஆனால் பரிமாறவில்லை. பணம் கட்டியவரின் கார் பெருங்களத்தூரில் மாட்டிக்கொண்டிருந்தது. “சார் வந்து தன் கையால ஒரு கரண்டியாவது போடணும்னு ஆசைப்படுறாரு” என்றார் வார்டன். முக்கால் மணி நேரம் ஆயிற்று. வந்தார்கள். கேக் வெட்டினார்கள். முன்பின் தெரியாத ஒருவருக்கு எண்பது பிள்ளைகள் ‘ஹேப்பி பர்த்டே அங்கிள்’ பாடினார்கள். போனை நீட்டியதும் எந்தப் பக்கம் திரும்பிச் சிரிக்க வேண்டும் என்று முதல் வரிசைப் பையனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

அதே நேரத்தில் கேட்டுக்கு வெளியே சிமெண்டுத் திண்ணையில் மூன்று பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். அன்று பெற்றோர் பார்வை நாளும்கூட. “ஃபங்ஷன் முடியட்டும்மா” என்று வாட்ச்மேன் நிறுத்தி வைத்திருந்தார். ஒருவர் கண்ணகி நகரிலிருந்து பஸ் மாறி மாறி வந்தவர். கேரி பேக்கில் அச்சு முறுக்கும் ஒரு அட்டை ஹேர் கிளிப்பும். சாயங்காலம் ஐந்து மணிக்கு வேலை வீட்டில் இருக்க வேண்டும் என்று அடிக்கடி மணி கேட்டுக்கொண்டிருந்தார். உள்ளே, பிறந்தநாள்காரர் தன் மகனிடம் சொல்லிக்கொண்டிருந்தார்: “பாத்தியாடா, உனக்கு எல்லாம் இருக்கு. இவங்களுக்கு அம்மா அப்பாவே இல்ல.” திண்ணையில் காத்திருந்த அந்த அம்மாவின் மகள் இரண்டாவது வரிசையில் உட்கார்ந்து இதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

பெற்ற பிள்ளையை ஏன் கொண்டுவந்து விடுகிறார்கள்? பாசமில்லாமலா? கணக்குப் போட்டுப் பார்த்துத்தான் விடுகிறார்கள். வீட்டுக்காரர் இறந்துவிட்டார், அல்லது ஓடிவிட்டார், அல்லது இருந்தும் இல்லாத மாதிரி டாஸ்மாக்கில் கிடக்கிறார். நாலு வீட்டில் பாத்திரம் தேய்த்துப் பன்னிரண்டாயிரம் வருகிறது. ஒற்றை அறைக்கு வாடகை போக மிச்சத்தில் சோறு. விடியற்காலை கிளம்பினால் மதியம் இரண்டு மணி, மறுபடி நாலு மணிக்குப் போனால் ராத்திரி எட்டு. பள்ளி விட்டு வரும் பதினோரு வயதுப் பெண் அந்த நேரமெல்லாம் தனியாக. சந்துக்கே ஒரு கக்கூஸ், சந்து முனையில் எப்போதும் நாலு பேர். “பொம்பளப் புள்ளைய யாரை நம்பிண்ணே விட்டுட்டுப் போறது?” என்று கேட்டால் என்ன பதில் இருக்கிறது? சர்ச்சில் ஒருவரோ வார்டில் ஒருவரோ சொல்கிறார்: “ஹாஸ்டல்ல சேத்துடும்மா, சாப்பாடு, படிப்பு எல்லாம் ஃப்ரீ.” சேர்த்துவிடுகிறார். இந்தத் தாய்க்குத் தேவை, பள்ளி விட்டதும் எட்டு மணி வரை பிள்ளை பத்திரமாக இருக்க ஓர் இடம், வாடகைக்குக் கொஞ்சம் கைகொடுப்பு. நகரம் இரண்டையும் கொடுக்கவில்லை. மூன்றாவதாக ஒன்றைக் கொடுத்தது: பிள்ளையை எங்களிடம் விட்டுவிடு.

சட்டம் இப்படிச் சொல்லவில்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், வேறு வழியே இல்லை என்றால்தான் பிள்ளையை இல்லத்தில் சேர்க்க வேண்டும் என்பதை அடிப்படைக் கொள்கையாகவே எழுதி வைத்திருக்கிறது. வறுமை ஒன்றை மட்டும் காரணமாக வைத்துக் குடும்பத்திலிருந்து பிள்ளையைப் பிரிக்கக் கூடாது என்று ஐ.நா.வின் 2009 வழிகாட்டுதல்கள் சொல்கின்றன. குடும்பத்தோடு பிள்ளையை வைத்துக்கொள்ள மாதாமாதம் பணம் தரும் நிதி ஆதரவுத் திட்டமும் இருக்கிறது. மத்திய அரசின் ‘மிஷன் வாத்சல்யா’வில் ஒரு பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நகரத்தில் இதைப் பெறக் குடும்பத்தின் ஆண்டு வருமானம் 96,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. அதாவது மாதம் எட்டாயிரம். மேலே சொன்ன பன்னிரண்டாயிரம் ரூபாய்த் தாய், இந்தக் கணக்கில் வசதியானவர்! 2025 செப்டம்பரில் தமிழக அரசு தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டம் மாதம் 2,000 ரூபாய் தருகிறது. நல்ல திட்டம்தான். ஆனால் பெற்றோர் இருவரும் இல்லாமல் போயிருக்க வேண்டும், அல்லது ஒருவர் இறந்து மற்றவர் கைவிட்டவராக, மாற்றுத்திறனாளியாக, சிறையிலிருப்பவராக, கடும் நோயாளியாக இருக்க வேண்டும். நல்ல உடம்போடு நாலு வீட்டுப் பாத்திரம் தேய்க்கும் விதவைக்கு அதில் இடமில்லை. உழைக்கிற உடம்பு இருப்பதே அவருக்குத் தகுதிக் குறைவு.

அரசை மட்டும் திட்டிப் பயனில்லை. நம் பணம் எங்கே போகிறது என்று பாருங்கள். பெரிய கம்பெனிகள் லாபத்தில் இரண்டு சதவீதத்தைச் சமூகத்துக்குச் செலவிட வேண்டும் என்ற 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பட்டியலிலேயே அநாதைகளுக்கு இல்லங்களும் விடுதிகளும் அமைப்பது இடம்பெற்றிருக்கிறது. கட்டடம் என்றால் கல்வெட்டு வைக்கலாம், ரிப்பன் வெட்டலாம். சைதாப்பேட்டைச் சந்தில் ஒரு தாயின் வாடகையில் பாதியை மாதாமாதம் கட்டினால் எந்தச் சுவரில் பெயர் பொறிப்பது? ஒரு ஞாயிறு பிரியாணியின் கணக்கைச் சாதாரணமாகப் போட்டுப் பாருங்கள். எண்பது பிள்ளைகள், தலைக்கு 150 ரூபாய் என்றாலே 12,000. வாத்சல்யா விகிதப்படி ஒரு பிள்ளை மூன்று மாதம் அம்மாவோடு இருப்பதற்கான பணம், ஒரு மதியச் சாப்பாட்டில் தீர்ந்துவிட்டது.

இந்த இடத்தில் ஒரு நியாயமான எதிர்க் கேள்வி வரும். ‘வீட்டில் குடிகார அப்பன், அரை வயிற்றுக் கஞ்சி. இல்லத்தில் மூன்று வேளைச் சாப்பாடு, இங்கிலீஷ் மீடியம், கட்டில், மின்விசிறி. எது நல்லது?’ இதே கேள்வியை நம் வீட்டுக்குக் கேட்டுப் பார்ப்போம். ஐ.டி. கம்பெனியில் வேலை பார்த்த ஒருவர் முப்பத்தெட்டு வயதில் மாரடைப்பில் போய்விடுகிறார். அவர் பிள்ளைகளை எந்த இல்லத்தில் சேர்க்கலாம் என்று உறவினர்கள் கூடிப் பேசுவார்களா? இன்சூரன்ஸ் பணம் வருகிறது, பாட்டி ஊரிலிருந்து வந்து தங்குகிறார், மாமா ஸ்கூல் ஃபீஸ் கட்டுகிறார். பிள்ளை அதே வீட்டில், அதே தாயிடம் வளர்கிறது. இரண்டு தாய்களுக்கும் பிள்ளைமேல் இருக்கும் பிரியத்தில் வித்தியாசமில்லை. வங்கிக் கணக்கில்தான் வித்தியாசம். ஒருத்திக்குத் துக்கத்தில் கைகொடுக்கிறோம், இன்னொருத்தியிடம் பிள்ளையை வாங்கிக்கொள்கிறோம். இரண்டாவதற்குப் பெயர் தர்மமா? அடிக்கிற அப்பன் இருந்தால் அவனை வெளியேற்றச் சட்டம் இருக்கிறது, குடும்ப வன்முறைத் தடுப்புச் சட்டம் 2005-லேயே வந்துவிட்டது. வெளியேறுவது எப்போதும் பிள்ளையாக இருப்பது ஏன்?

சோறும் கட்டிலும் பிள்ளையை வளர்த்துவிடும் என்று நம்புகிறவர்கள் ருமேனியாவைப் பார்க்கலாம். அங்கே 2000-ல் தொடங்கிய ஆய்வொன்றில், இல்லங்களிலிருந்த கைக்குழந்தைகளில் பாதிப் பேரை வளர்ப்புக் குடும்பங்களில் விட்டுத் தொடர்ந்து கவனித்தார்கள். குடும்பத்துக்குப் போனவை அறிவுத் திறனிலும் மனிதரோடு ஒட்டுவதிலும் தெளிவாக முந்தின. ஷிப்ட் மாறும் ஆயாக்கள் எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும், இரவு காய்ச்சலில் முனகும்போது வரும் கை தினமும் வேறு வேறு கை.

இல்லங்களை எல்லாம் இழுத்துப் பூட்டச் சொல்லவில்லை. சென்ட்ரல் ஸ்டேஷனில் இறங்கி எங்கே போவதென்று தெரியாமல் நிற்கும் பையனுக்கும், சொந்த வீட்டிலேயே பாலியல் கொடுமைக்கு ஆளான பெண்ணுக்கும், உண்மையாகவே ஒருவரும் இல்லாதவருக்கும் நல்ல இல்லம் வேண்டும். அப்படிப்பட்ட இல்லத்தை நடத்துகிறவர்களைக் கேட்டால் அவர்கள் குறையே வேறாக இருக்கும். மனநல ஆலோசகர் சம்பளத்துக்கு யாரும் தருவதில்லை. பிள்ளையின் ஊருக்குப் போய்க் குடும்பத்தைத் தேடிப் பார்க்கும் சமூகப் பணியாளரின் பஸ் சார்ஜுக்கு யாரும் தருவதில்லை. எல்லோரும் பிரியாணி தருகிறார்கள்.

அதோடு, எல்லா இல்லமும் நல்ல இல்லம் அல்ல. மாமல்லபுரம் பக்கத்து இல்லங்களில் பிள்ளைகள் சீரழிக்கப்படுவதாக வந்த ஒரு பத்திரிகைக் கட்டுரையை வைத்து உச்ச நீதிமன்றம் 2007-ல் எடுத்த வழக்கின் தலைப்பிலேயே தமிழ்நாடு இருக்கிறது. 2017 மே மாதம் வந்த தீர்ப்பு, எல்லா இல்லங்களும் பதிவு செய்யப்பட வேண்டும் என்று கறாராகச் சொன்னது. பதிவில்லாமல் நடத்தினால் ஓராண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சத்துக்குக் குறையாத அபராதம், அல்லது இரண்டும் என்று சட்டம் ஏற்கெனவே சொல்லியிருந்தது. பிறந்தநாளுக்குப் பணம் கட்டப் போகும் நம்மில் யாராவது பதிவுச் சான்றிதழைக் கேட்டதுண்டா? வருமான வரி விலக்குக்கான ரசீதை மட்டும் மறக்காமல் கேட்கிறோம்.

பிள்ளைகள் நிறைந்த கூடம் நன்கொடையை இழுக்கும், காலியான கூடம் இழுக்காது. தலைக்கு இவ்வளவு என்று பணம் வரும் இடத்தில் தலையைக் குறைக்க நிர்வாகிக்கு என்ன அவசரம்? பிள்ளையை வீட்டுக்கு அனுப்புகிறவருக்கு நட்டம், வைத்துக்கொள்கிறவருக்கு லாபம். இந்த வியாபாரக் கணக்கை உருவாக்கியது கெட்டவர்கள் அல்ல, ஞாயிற்றுக்கிழமை நல்லவர்களான நாம்.

ஊரடங்கில் வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் தரும்படி 2020 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் மாநிலங்களுக்கு உத்தரவிட்டது. பணம் பிள்ளையிருக்கும் வீட்டைத் தேடிப் போக முடியும் என்பதற்கு அந்த உத்தரவே சாட்சி. தனி மனிதர்களும் இதைச் செய்யச் சட்டத்தில் வழி இருக்கிறது. இளைஞர் நீதிச் சட்டத்தின் 45-ஆவது பிரிவு, ஒருவர் ஒரு பிள்ளைக்கு நிதி ஆதரவு தருவதையும், ஒரு குழுவாகவோ ஊராகவோ சேர்ந்து தருவதையும் பெயர் சொல்லியே அனுமதிக்கிறது. உங்கள் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் போய் விசாரியுங்கள். பத்து வீடுள்ள ஓர் அடுக்ககம் வீட்டுக்கு 400 ரூபாய் போட்டால் வாத்சல்யாவின் தொகை வந்துவிடும். அந்த அடுக்ககத்தில் பாத்திரம் தேய்க்கும் அம்மாவுக்கே ‘ஹாஸ்டலில்’ ஒரு மகள் இருக்கலாம். முதலில் அவரிடம் கேளுங்கள். இல்லத்துக்குத்தான் கொடுப்பேன் என்றால் பணம் கட்டும் முன் பொறுப்பாளரிடம் மூன்று கேள்வி: பதிவுச் சான்றிதழ் எங்கே, இங்குள்ள பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அம்மா அப்பா இருக்கிறார்கள், போன வருடம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்? மூன்றுக்கும் பதில் கிடைக்காவிட்டால் காசோலையைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரும்பி வாருங்கள்.