படித்ததைத்தானே மீட்ட முடியும்?

சாதாரண தரப் பரீட்சை நெருங்கினால் நாட்டின் மற்றப் பகுதிகளில் மீட்டல் காலம் தொடங்குகிறது. பத்தாம், பதினோராம் தரங்களில் படித்து முடித்த பாடங்களை மாணவர்கள் மறுபடி பார்க்கிறார்கள். கடந்தகால வினாத்தாள்களைச் செய்கிறார்கள். செய்ததை ஆசிரியர் திருத்திக் கொடுக்கிறார். நுவரெலியா, பதுளை மாவட்டங்களின் தேயிலைத் தோட்டங்களில் வாழும் எங்கள் பிள்ளைகள் பலருக்கு அந்த மாதங்கள் அப்படி அமைவதில்லை. இரண்டு வருடமாக யாரும் கற்பிக்காத பாடத்தை அவர்கள் முதன்முறையாகத் திறந்து பார்க்கும் காலமே அது. படிக்காத பாடத்தை மீட்டு என்று ஒரு பிள்ளையிடம் சொல்வது எந்த வகையில் நியாயம்?

இது ஒன்றிரண்டு பாடங்களுக்கான பரீட்சையும் அன்று. சமயம், தமிழ் மொழியும் இலக்கியமும், ஆங்கிலம், கணிதம், விஞ்ஞானம், வரலாறு என்று ஆறு கட்டாயப் பாடங்கள். அவற்றோடு தொகுதிப் பாடங்கள் மூன்று. ஆக ஒன்பது பாடங்களை ஒரே காலத்தில் மீட்ட வேண்டும். ஒவ்வொன்றுக்கும் மீட்டும் முறை வேறு. வரலாற்றைத் திரும்பத் திரும்ப வாசித்து ஓரளவு மனத்தில் இருத்தலாம். கேத்திரகணிதத் தேற்றத்தை அப்படிப் படிக்க முடியாது. எழுதிப் பார்க்க வேண்டும்; பிழைத்த இடத்தை ஒருவர் காட்ட வேண்டும். இரசாயனச் சமன்பாடும் ஆங்கிலக் கட்டுரையும் அப்படித்தான். கணிதத்தில் சித்தி பெறாத பிள்ளைக்கு உயர்தரத்தின் பெரும்பாலான கதவுகள் மூடிக்கொள்கின்றன. அந்தக் கணிதத்துக்குத்தான் எங்களிடம் ஆசிரியர் இல்லை.

எங்கள் தோட்டத்துப் பாடசாலையில் கணித ஆசிரியர் இடமாற்றம் பெற்றுப் போனபோது என் மகள் பத்தாம் தரத்தில் இருந்தாள். அந்த இடத்துக்கு அவள் பரீட்சை எழுதி முடிக்கும்வரை ஒருவரும் வரவில்லை. வேறு பாடம் கற்பிக்கும் ஆசிரியை ஒருவர், தன் வகுப்புகளுக்கு இடையில் கிடைத்த நேரத்தில் தனக்குத் தெரிந்த அளவு சொல்லிக் கொடுத்தார். அவரைக் குறை சொல்ல எங்களுக்கு மனம் வராது. பழைய வினாத்தாள்களை நகரத்திலிருந்து வாங்கிவந்து மகள் இரவில் செய்தாள். விடை சரியா என்று பார்க்கத்தான் ஆளில்லை. பிழையோடு பத்து வினாத்தாள் செய்த பிள்ளை அந்தப் பிழையையே பத்து முறை பழகிக்கொள்கிறது. ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளைப் பக்கத்துப் பெற்றோரிடம் பேசும்போதும் இதே குறையைத்தான் கேட்கிறோம்.

ஆசிரியர் இல்லாவிட்டால் வீட்டில் படிக்கலாமே என்பார்கள். வெள்ளைக்காரர் காலத்தில் கட்டிய லயன் காம்பிராக்களில் இன்னும் எத்தனையோ குடும்பங்கள் இருக்கின்றன. பத்தடிக்குப் பன்னிரண்டடி அறை. முன்னால் ஓர் இஸ்தோப்பு. சமையலும் தூக்கமும் அதற்குள்தான். கொழுந்து பறித்துக் களைத்து வந்த தாய் விடியற்காலையில் மறுபடி எழ வேண்டும். விளக்கை எவ்வளவு நேரம் எரிய விடுவது? பக்கத்துக் காம்பிராவின் தொலைக்காட்சிச் சத்தம் சுவரைத் தாண்டி வரும். மழைக்காலத்தில் இஸ்தோப்பிலும் உட்கார முடியாது. பாடசாலைக் கட்டடமோ பிற்பகலோடு பூட்டப்பட்டு, மறுநாள் காலைவரை வெறுமையாகக் கிடக்கிறது.

வசதியுள்ளவர்கள் நகரத்துத் தனியார் வகுப்புக்கு அனுப்புகிறார்கள். ஒரு பாடத்தின் மாதக் கட்டணமும் பஸ் காசும் சேர்ந்தால் பல நாள் கூலி அதிலேயே போய்விடும். ஒன்பது பாடத்துக்கு எங்கே போவது? எனவே கணிதத்துக்கு மட்டும் அனுப்பிவிட்டு மற்றவற்றை விதியிடம் விடுகிறோம். வகுப்பு முடியும்போது இருட்டிவிடும். கடைசி பஸ் தவறினால் தேயிலை மலைக்கு நடுவே பல கிலோமீற்றர் நடக்க வேண்டும். இதற்குப் பயந்தே பெண் பிள்ளைகளை நிறுத்திக்கொள்ளும் வீடுகள் உண்டு.

இந்தக் குறை நேற்று முளைத்ததன்று. நாட்டில் இலவசக் கல்வி 1945இல் வந்தது. தோட்டப் பாடசாலைகளோ அதன் பின்னும் பல பத்தாண்டுகள் தோட்ட நிர்வாகங்களின் கையிலேயே கிடந்தன. 1970களில்தான் அரசு அவற்றைப் பொறுப்பேற்கத் தொடங்கியது. ஒரு தலைமுறைக்கு மேல் பிந்திப் புறப்பட்ட எங்களுக்கு அந்தத் தூரத்தைக் கடக்கக் கூடுதல் உதவி வேண்டியிருந்தது. கிடைத்தவை வாக்குறுதிகளே. ஆசிரியர் வெற்றிடங்கள் விரைவில் நிரப்பப்படும் என்று தேர்தலுக்குத் தேர்தல் சொன்னார்கள். நியமனம் பெற்று வந்தவர்களில் பலர் மாற்றலாகிப் போனார்கள். மலையக மக்கள் இலங்கைக்கு வந்து இருநூறு ஆண்டுகள் ஆனதை 2023இல் நினைவுகூர்ந்தபோதும் கல்வியைப் பற்றி மேடைகளில் நிறையப் பேசினார்கள். அந்தப் பேச்சு எங்கள் வகுப்பறைவரை வந்து சேரவில்லை.

தீர்வுகள் பொறுப்பானவர்களின் கைக்கு எட்டாதவை அல்ல. கணிதம், விஞ்ஞானம், ஆங்கிலம் ஆகியவற்றில் உள்ள வெற்றிடங்களைப் பத்தாம் தரத்தின் முதல் தவணை தொடங்குமுன்பே நிரப்ப வேண்டும். மாற்றல் பெறும் ஆசிரியரை, அவருடைய இடத்துக்கு ஒருவர் வந்த பின்னரே விடுவிக்க வேண்டும். உடனடியாக ஆள் இல்லையென்றால், அயற்பாடசாலைகளுக்குப் பொதுவாக ஒரு பாட ஆசிரியரை நியமித்து, கிழமைக்குக் குறித்த நாட்களில் ஒவ்வொரு பாடசாலைக்கும் அனுப்பலாம். பரீட்சைக்கு முந்திய தவணையில் பாடசாலையின் இரண்டு வகுப்பறைகளையாவது இரவு எட்டு மணிவரை திறந்து வைத்து, விளக்கும் மேற்பார்வைக்கு ஓர் ஆசிரியரும் தர வேண்டும். அந்த ஆசிரியரின் கூடுதல் நேரத்துக்குக் கொடுப்பனவு வேண்டும். பிள்ளைகளுக்கு ஒரு வேளைச் சிற்றுண்டியும், வீடு திரும்ப ஒரு பஸ்ஸும் வேண்டும். கடந்தகால வினாத்தாள்களையும் புள்ளியிடும் திட்டங்களையும் தமிழில் அச்சிட்டுப் பிள்ளைகளின் கையில் கொடுக்க வேண்டும்.

என் மகளின் பரீட்சை முடிந்துவிட்டது. இழந்த இரண்டு வருடத்தை அவளுக்கு யாரும் திருப்பித் தர முடியாது. ஆனால் அவள் இருந்த அதே வகுப்பறையில், அதே வாங்குகளில், இப்போது வேறு பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்கும் கணித பாட நேரம் வரும்போது வகுப்பில் ஆசிரியர் இல்லை. அவர்களுடைய பரீட்சைக்கு இன்னும் காலம் இருக்கிறது. இப்போதே ஓர் ஆசிரியரை அனுப்பினால், அந்தப் பிள்ளைகளாவது படித்ததை மீட்டிவிட்டுப் பரீட்சை மண்டபத்துக்குப் போவார்கள்.